தில்லியிலிருந்து போன ஓம் மாலிக்: ஒரு வலைப்பதிவு கம்பெனி ஆன கதையும், மூடின கதையும்

இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் ரெண்டு மூணு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார்கள். பிள்ளை இஞ்சினியரிங் வேண்டாம் என்கிறது, "இணையத்தில் எழுதி, அதையே தொழிலா செய்யப்போறேன்" என்கிறது, இது உருப்படுமா சார்? ஒருத்தர் பூனாவிலிருந்து, ஒருத்தர் அகமதாபாத்திலிருந்து. ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து வாடகை, இ.எம்.ஐ., ஸ்கூல் ஃபீஸ் என்று கட்டிக்கொண்டிருக்கும் நமக்கு இந்தக் கவலை வருவது நியாயம்தான்.

அறிவுரை சொல்கிற தகுதி எனக்கு இல்லை. நான் நொய்டாவில் ஆணி பிடுங்குகிறவன், எழுதுவது ராத்திரி பத்து மணிக்கு மேல். ஆனால் இதையே தொழிலாகச் செய்து பெரிய அளவில் ஜெயித்து, அந்தக் கம்பெனி ஒரே நாளில் மூடப்பட்டதையும் பார்த்த ஒருவரின் கதை தெரியும். அவர் நான் இப்போது குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் இதே தில்லிக்காரர். பெயர் ஓம் மாலிக். கணினித் துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓம் மாலிக் 1966-ல் பிறந்தவர். செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் வேதியியல் படித்து 1986-ல் பட்டம் வாங்கினார். அந்தக் கல்லூரியைப் பற்றி தில்லியில் பிள்ளை வளர்க்கிறவர்களிடம் சொல்லவே வேண்டாம், கட்-ஆஃப் மார்க்கை வைத்துச் சேர்த்த காலத்தில், அது வெளியாகும் வாரத்தில் வீட்டில் யாருக்கும் தூக்கம் இருந்ததில்லை. அங்கே வேதியியல் படித்த பையன் பத்திரிகைக்காரன் ஆனால் நம் வீட்டில் என்ன பேச்சு விழும் என்று யோசித்துப் பாருங்கள். 1993-ல் அவர் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். தொண்ணூறுகளின் நடுவில், அங்கிருந்த இந்தியர்களுக்கு எங்கே என்ன விருந்து, என்ன நிகழ்ச்சி என்று சொல்லும் 'தேசி பார்ட்டி' என்ற இணையதளத்தை நடத்தினார். ஆக, அவருடைய முதல் இணையத் தொழில் நம்மைப் போலப் புலம்பெயர்ந்தவர்களுக்கானதுதான். வெளியூரில் இருப்பவனுக்கு முதலில் தேவைப்படுவது தன் ஆட்கள் எங்கே கூடுகிறார்கள் என்ற தகவல். ஆர்.கே. புரம் மலை மந்திரில் எந்தக் கிருத்திகைக்கு என்ன விசேஷம் என்று இங்கே வந்த புதிதில் நான் விசாரித்துத் திரிந்ததும் அதேதான் :-)

1997-ல் ஃபோர்ப்ஸ் பத்திரிகையின் இணையதளம் தொடங்கியபோது முதல் குழுவில் இருந்தார். 1999-ல் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குப் போனார். சில மாதங்களில் அதை விட்டுவிட்டு மறுபடி எழுத்துக்கே வந்துவிட்டார். 2000-ல் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபோய் 'ரெட் ஹெர்ரிங்' பத்திரிகையில் சேர்ந்தார். போன நேரம் எப்படிப்பட்டது பாருங்கள். அந்த வருடம் மார்ச்சில்தான் நாஸ்டாக் குறியீடு 5,000-ஐத் தாண்டி உச்சிக்குப் போய், அங்கிருந்து சரிய ஆரம்பித்தது.

அந்தச் சரிவில் டாட்காம் கம்பெனிகளைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். ஓம் மாலிக் பார்த்தது அதற்குக் கீழே பூமிக்குள் புதைந்திருந்த விஷயத்தை, அதாவது கண்ணாடி இழை கேபிள்களை. இணையம் சில மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்ற கணக்கை நம்பி, தொலைத்தொடர்புக் கம்பெனிகள் கடன் வாங்கிக் கடன் வாங்கி கண்டம் விட்டுக் கண்டம் கேபிள் போட்டன. அவ்வளவு கேபிளில் ஓடுவதற்குத் தகவல் இல்லை. 2002 ஜனவரியில் குளோபல் கிராஸிங் திவால். ஜூலையில் வேர்ல்ட்காம் திவால், அமெரிக்க வரலாற்றில் அதுவரை நடந்ததிலேயே பெரியது அது. வேர்ல்ட்காம் தலைவர் பெர்னார்டு எபர்ஸுக்கு 2005-ல் 25 வருட சிறைத் தண்டனை கிடைத்தது. இந்தக் கதையை ஓம் மாலிக் 2003-ல் 'பிராட்பேண்டிட்ஸ்' என்ற புத்தகமாக எழுதினார். 75,000 கோடி டாலர் கொள்ளை என்று அதன் துணைத்தலைப்பிலேயே கணக்கும் சொல்லிவிட்டார்.

இதில் நமக்கென்ன என்று கேட்பீர்கள். இருக்கிறது. அங்கே திவாலான பிறகு அந்தக் கேபிள்கள் அடிமாட்டு விலைக்கு விற்பனைக்கு வந்தன. ஃப்ளாக் கேபிள் நிறுவனத்தை ரிலையன்ஸ் சுமார் 20.7 கோடி டாலருக்கு வாங்கியது. 60,000 கிலோமீட்டர் நீளமுள்ள டைகோ கடலடி வலையமைப்பை டாட்டா வசம் போயிருந்த வி.எஸ்.என்.எல். 13 கோடி டாலருக்கு வாங்கியது. அதை அமைக்க ஆன செலவோ இருநூறு கோடி டாலருக்கும் மேல். அதே காலத்தில் சென்னைக் கடற்கரையிலும் கேபிள்கள் வந்து ஏறின. 2002-ல் பார்தியும் சிங்டெல்லும் சேர்ந்து போட்ட சென்னை–சிங்கப்பூர் கேபிள், இரண்டு வருடம் கழித்து டாட்டாவின் கேபிள். அமெரிக்காவில் யாரோ போட்ட பணம் முழுகிப்போய், அதனால் தகவல் கடத்தும் செலவு மலிவானது. அது மலிவானதால்தான் பழைய மகாபலிபுரம் ரோட்டிலும் நொய்டாவிலும் குர்காவிலும் கட்டடங்கள் எழும்பின. நம்மில் பாதிப்பேர் ஊரை விட்டு வந்து உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு அந்தத் திவாலும் ஒரு காரணம். ஓம் மாலிக் ஆராய்ந்துகொண்டிருந்தது ஒரு வகையில் நம் குடும்பக் கதையைத்தான்.

இந்த வேலைகளுக்கு நடுவில், 2001-ல், தனக்கென்று ஒரு வலைப்பதிவு தொடங்கினார். பெயர் 'கிகாஓம்'. தொழில்நுட்ப அளவைச் சொல்லோடு தன் பெயரை ஒட்டிவைத்தது. அதன் காலத்தையும் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பிளாக்கர் 1999-ல் வந்தது, மூவபிள் டைப் 2001-ல், வேர்ட்பிரஸ் 2003-ல். அச்சகம் வேண்டாம், ஆசிரியர் வேண்டாம், ஒரு பொத்தானை அமுக்கினால் பிரசுரம். நம் தமிழ்ப் பதிவர்கள் எழுத்துரு பிரச்சினையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே வருடங்கள். 2003-ல் கூகுள் 'ஆட்சென்ஸ்' கொண்டுவந்தது. தனி ஆள் எழுதும் பக்கத்துக்கும் விளம்பரக் காசு வரலாம் என்ற நிலை அப்போதுதான் உண்டானது.

மற்ற பதிவர்களிடமிருந்து அவர் எங்கே வேறுபட்டார் என்றால், அவர் நிருபராகவே பதிவு எழுதினார். ஃபோனை எடுத்து நாலு பேரிடம் விசாரித்த பிறகுதான் எழுத்து. பத்திரிகையில் மாதம் ஒரு கட்டுரை. அதற்குச் சேர்த்த தகவலில் மிச்சம் இருப்பதெல்லாம் பதிவில். 2003-ல் ரெட் ஹெர்ரிங் நின்றுபோனது. அவர் டைம் குழுமத்தின் 'பிசினஸ் 2.0' பத்திரிகைக்குப் போனார். பதிவு மட்டும் நிற்கவில்லை. சம்பளம் கொடுக்கிற இடம் மாறிக்கொண்டே இருந்தது, படிக்கிறவர்கள் தேடிவரும் இடம் மாறவில்லை. இந்த வித்தியாசத்தை அவர் சீக்கிரமே புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

2006 ஜூனில் பத்திரிகை வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் பதிவுக்கு வந்தார். ட்ரூ வென்ச்சர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் ஆரம்பப் பணம் போட்டது. நாற்பது வயதில் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வலைப்பதிவா! நம் வீடாக இருந்தால் மாமனார் உட்பட எல்லோரும் ரயில் ஏறி வந்திருப்பார்கள். ஆனால் மறு வருடம், 2007 அக்டோபர் இதழோடு பிசினஸ் 2.0 பத்திரிகையே மூடப்பட்டது. வேலையை விடாமல் இருந்திருந்தாலும் அந்த வேலை இருந்திருக்காது.

கம்பெனி வளர்ந்தது. இணைய வீடியோவுக்கு 'நியூடீவீ', பசுமைத் தொழில்நுட்பத்துக்கு 'எர்த்2டெக்', வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு 'வெப் வொர்க்கர் டெய்லி' என்று கிளைகள் வந்தன. 2020-ல் நாமெல்லோரும் படுக்கையறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தோமே, அந்த வாழ்க்கையைப் பற்றி அவர்கள் ஒரு தனித் தளமே நடத்திக்கொண்டிருந்தது அதற்குப் பத்து வருடத்துக்கும் முன்னால்.

வருமானம் எங்கிருந்து? இதுதான் முக்கியம். முதலில் விளம்பரம். விளம்பரத்தில் ஒரு சிக்கல். ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்றுதான் விலை. ஒரு கணக்குக்கு ஆயிரத்துக்குப் பத்து டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து லட்சம் பார்வை வந்தால்தான் பத்தாயிரம் டாலர், சான் பிரான்சிஸ்கோவில் அதை வைத்து இரண்டு நிருபர்களுக்குச் சம்பளம் கொடுப்பதே கஷ்டம். அப்புறம் அந்த விலையும் இறங்கிக்கொண்டே வந்தது, விளம்பரக்காரர்கள் கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போனார்கள். அதனால் கிகாஓம் இன்னும் இரண்டு வழி போட்டது. 2008-ல் 'ஸ்ட்ரக்சர்' என்ற மாநாடு, நுழைவுக் கட்டணமும் ஸ்பான்சர் பணமும் வரும். கிளவுட் கம்ப்யூட்டிங் என்ற சொல் நம் ஆபீஸ்களுக்கு வந்து சேர்வதற்கு முன்பே அவர்கள் அதற்கு மாநாடு நடத்திவிட்டார்கள். 2009-ல் 'கிகாஓம் ப்ரோ' என்ற ஆய்வறிக்கைச் சேவை, தொடக்கச் சந்தா வருடத்துக்கு 79 டாலர். செய்தி இலவசம், ஆராய்ச்சிக்குக் காசு, மாநாட்டுக்குக் காசு. பின்னால் வந்த பல இணைய ஊடகங்கள் இதே மூன்று கால் முக்காலியில்தான் உட்கார்ந்தன.

இதற்கு நடுவில் நடந்தது ஒன்று உண்டு. நம் வயதுக்காரர்கள் இதை மட்டுமாவது படிக்க வேண்டும். 2007 டிசம்பர் 28-ம் தேதி ஓம் மாலிக்குக் மாரடைப்பு வந்தது. வயது 41. ராத்திரி பகல் பாராத வேலை, சிகரெட், கண்ட நேரத்தில் சாப்பாடு. ஆஸ்பத்திரியிலிருந்து மீண்டு வந்து, சில நாளிலேயே தன் வாசகர்களுக்கு அதை வெளிப்படையாக எழுதினார். புகைப்பதை விட்டார், சாப்பாட்டை மாற்றினார், வேலையை மற்றவர்களிடம் பகிர்ந்தார். தெற்காசியர்களுக்கு மற்றவர்களைவிடச் சில வருடம் முன்னதாகவே மாரடைப்பு வருகிறது என்பது மருத்துவர்கள் நன்றாக அறிந்த விஷயம். முதலில் யார் செய்தியைப் போடுவது என்ற போட்டியில் அரைமணி நேரம் தாமதித்தாலே வாசகர் வேறு இடத்துக்குப் போய்விடுவார் என்ற பயம் அந்தத் தொழிலில் இருந்தது. அமெரிக்க கிளையண்டுக்காக ராத்திரி ஒரு மணிக்கு கால் எடுக்கும் நம் ஆட்களுக்கு இது புரியும். நம் அம்மா ஃபோனில் முதலில் கேட்கும் "நேரத்துக்குச் சாப்பிட்டியா" என்ற கேள்வியை நாம் கிண்டல் செய்கிறோம். அதில் மருத்துவமும் இருக்கிறது.

இந்தக் காலகட்டத்தில் மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்றும் பார்த்துவிடலாம். ஜேசன் கலகானிஸின் வெப்லாக்ஸ் நிறுவனத்தை 2005-ல் ஏ.ஓ.எல். வாங்கியது. மைக்கேல் ஆரிங்டன் 2005-ல் தொடங்கிய டெக்கிரஞ்ச் 2010-ல் அதே ஏ.ஓ.எல்.-லுக்குப் போனது. 2011-ல் ஹஃபிங்டன் போஸ்ட், 31.5 கோடி டாலருக்கு. அந்தத் தளத்துக்குச் சம்பளம் இல்லாமல் எழுதிக்கொடுத்தவர்களில் சிலர் எங்கள் பங்கு எங்கே என்று வழக்குப் போட்டார்கள், 2012-ல் தள்ளுபடியானது. இதே ஹஃப்போஸ்டின் இந்தியப் பதிப்பு 2020 நவம்பரில் மூடப்பட்டது. பஸ்ஃபீட் அதை வாங்கியபோது, டிஜிட்டல் செய்தியில் அன்னிய முதலீட்டுக்கு நம் அரசு 2019-ல் வைத்த 26 சதவீத வரம்பு குறுக்கே வந்தது.

நம்மூர் ஆட்கள் இன்னும் இருவர். அலிகரில் இஞ்சினியரிங் படித்துவிட்டு அமெரிக்காவில் இதழியல் படித்த ரஃபத் அலி 2002-ல் 'பெய்டுகன்டென்ட்' தொடங்கினார், 2008-ல் கார்டியன் குழுமத்துக்கு விற்றார். 2012-ல் கார்டியனிடமிருந்து அதை வாங்கியது வேறு யாருமில்லை, கிகாஓம்தான். ரஃபத் அலி அதே வருடம் சுற்றுலாத் தொழில் செய்திகளுக்காக 'ஸ்கிஃப்ட்' என்று புதிதாக ஆரம்பித்துவிட்டார். இரண்டாமவர் ஆக்ராவின் அமித் அகர்வால். 2004-ல் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, சொந்த ஊரிலிருந்தே 'டிஜிட்டல் இன்ஸ்பிரேஷன்' பதிவை நடத்தினார். இந்தியாவின் முதல் முழுநேரப் பதிவர் என்று அவரைச் சொல்வார்கள். பெரிய ஆபீஸ் கிடையாது, வெளியார் முதலீடு என்ற பளுவும் கிடையாது.

கிகாஓம் வேறு பாதையில் போனது. முதலீட்டாளர்களிடமிருந்து பல தவணைகளில் மொத்தம் இரண்டு கோடி டாலருக்கு மேல் வாங்கியிருந்தது, அதற்கு மேல் கடனும். 2014 பிப்ரவரியில் ஓம் மாலிக் அன்றாடப் பொறுப்பிலிருந்து விலகி, ட்ரூ வென்ச்சர்ஸில் பங்குதாரராகச் சேர்வதாக அறிவித்தார். ஒரு வருடம் கழித்து, 2015 மார்ச் 9, திங்கட்கிழமை. ஆப்பிள் வாட்ச் விற்பனை விவரங்களை ஆப்பிள் கம்பெனி மேடையில் அறிவித்த நாள். கிகாஓம் நிருபர்கள் அன்று அந்தச் செய்தியை எழுதிக்கொண்டிருந்தார்கள். அன்று மாலையே கம்பெனியின் இயக்கம் நிறுத்தப்பட்டதாக அறிவிப்பு வந்தது. கடன்காரர்களுக்கு முழுப்பணத்தைத் திருப்ப முடியவில்லை, சொத்தெல்லாம் அவர்களிடம் அடகில் இருக்கிறது என்பதுதான் அதன் சாரம். தொழிலும் வாழ்க்கை மாதிரியே சினிமா இல்லை, எல்லோருக்கும் நல்ல முடிவு அமையாது என்ற பொருளில் ஓம் மாலிக் தன் தளத்தில் சின்னக் குறிப்பு ஒன்று எழுதினார்.

ஏன் இப்படி? படிக்க ஆள் இல்லாமல் போகவில்லை. மூடும் நாள் வரை லட்சக்கணக்கான பேர் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். முதலீட்டுப் பணம் வந்தால் அது பல மடங்காகத் திரும்ப வேண்டும், அதற்கு ஆள் சேர்க்க வேண்டும், கிளை போட வேண்டும், மாநாடு பெரிதாக வேண்டும். வருமானம் அந்த வேகத்தில் வளராதபோது கடன். கடன் என்று வந்துவிட்டால் வரிசையில் முதலில் நிற்பவர் கடன் கொடுத்தவர்தான். தொடங்கினவர், முதலீடு செய்தவர், வேலை செய்தவர் எல்லோரும் அவருக்குப் பின்னால். நம் ஊரில் வயலைக் கூட்டுறவு பாங்கில் வைத்துக் கடன் வாங்கினவர்களுக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நான் முன்பு இருந்த ஒரு சின்னக் கம்பெனி இப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை மூடியது. பெயர் வேண்டாம். கடைசி மாதச் சம்பளத்துக்கு நாங்கள் பன்னிரண்டு பேர் ஒரு வருடம் அலைந்தோம். வீட்டுக்கார அம்மாவிடம் வாடகைக்குத் தவணை கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, கிகாஓம் மூடிய செய்தியைப் படிக்கும்போது எனக்கு ஓம் மாலிக்கைவிட அன்று காலை வழக்கம்போல வேலைக்கு வந்த நிருபர்கள்தான் முதலில் மனசில் வந்தார்கள். நிறுவனர் அதற்கு ஒரு வருடம் முன்பே வேறு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, எட்டு வருடம் உழைத்து ஒரு முறை சாவைத் தொட்டுவிட்டு வந்த மனிதர். ஆனாலும் இந்தக் கணக்கில் அந்த வரியையும் எழுதியாக வேண்டும்.

சில மாதத்தில் டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினைச் சேர்ந்த 'நோயிங்லி' என்ற நிறுவனம் கிகாஓம் என்ற பெயரையும் பழைய பக்கங்களையும் வாங்கியது. பின்னாளில் அந்தப் பெயரில் ஆய்வு நிறுவனம் நடந்தது, ஓம் மாலிக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தன் பெயரையே ஒட்டிவைத்து உண்டாக்கிய பெயர்ப்பலகை இன்னொருவர் சொத்து. ஆனால் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. தன் பெயரிலேயே உள்ள இன்னொரு முகவரியில் தொழில்நுட்பம், புகைப்படம் என்று தொடர்ந்து எழுதினார், வாசகர்கள் அங்கே போய்ப் படித்தார்கள்.

சரி, பூனாக்காரருக்கும் அகமதாபாத்காரருக்கும் என்ன பதில்? இந்தக் கதையில் எழுத்துத் தொழில் தோற்கவில்லை. ஓம் மாலிக், ரஃபத் அலி, அமித் அகர்வால் மூவரும் எழுதிப் பிழைத்தார்கள், நன்றாகவே பிழைத்தார்கள். மூவருக்கும் பொதுவானது ஒரு துறையை ஆழமாகத் தெரிந்துவைத்திருந்தது. ஓம் மாலிக்குக்கு கேபிள், ரஃபத் அலிக்கு ஊடக வியாபாரம், அமித் அகர்வாலுக்கு மென்பொருள். ஆகவே பிள்ளையிடம் "எழுதிச் சம்பாதிப்பியா" என்று கேட்பதைவிட "எதைப் பற்றி எழுதுவே, அதைப் பற்றி உனக்கு என்ன தெரியும்" என்று கேளுங்கள். பதில் இருந்தால் படிக்கவிடுங்கள். நாலு காசு வர ஆரம்பித்த பிறகு யாராவது பெரிய பணத்தோடு வந்தால், அந்தக் காகிதத்தில் யார் முதல் வரிசை, யார் கடைசி வரிசை என்று விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

அப்புறம், ராத்திரி கண்விழித்து எழுதினால் விளக்கை அணைத்துவிட்டு வந்துவிடுங்கள். கத்துவதை வாங்கிக்கொள்ளலாம், பரவாயில்லை.